வாசகர் கேள்விகள்: நகரம் எரிந்தது, நீர்மூழ்கிகள் ஏன் தப்பின?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் தங்கியிருந்த பிரெஞ்சுத் துறைமுகங்கள் மீது நேச நாடுகள் ஓயாமல் குண்டு வீசியும், அந்தக் கான்கிரீட் கூடங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றை ஏன் தகர்க்க முடியவில்லை?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தகர்ப்பதற்கு ஒரு காலம் இருந்தது, அதைப் பிரிட்டன் நழுவவிட்டது என்பதே என் கருத்து. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் பிரெஸ்ட், லோரியான், சேன் நசேர், லா பாலிஸ், போர்தோ ஆகிய அட்லாண்டிக் துறைமுகங்கள் ஜெர்மனியின் வசமாயின. 1941-இல் ஜெர்மனியின் கட்டுமான நிறுவனமான டோட் அமைப்பு அங்கெல்லாம் கூடங்களைக் கட்டத் தொடங்கியது. தடுப்பணை எழுப்பிக் கடல்நீரை அப்பால் நிறுத்திவிட்டு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில், வேலை நடந்த இடம் வெறும் பள்ளமாகத் திறந்து கிடந்தது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் கவனமோ பிரெஸ்டில் நின்ற ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனாவ் என்னும் இரு ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் மீதே இருந்தது. அன்றைய விமானங்கள் இரவில் இலக்கைக் கண்டுபிடிக்கவே திணறின என்பதையும் சொல்லியாக வேண்டும். இலக்கைத் தாக்கியதாகக் கூறிய விமானங்களில் மூன்றில் ஒரு பங்குதான் அதிலிருந்து ஐந்து மைலுக்குள் குண்டு போட்டிருந்தது என 1941 ஆகஸ்டில் தயாரான பட் அறிக்கை என்னும் பிரிட்டிஷ் அரசு ஆய்வு தெரிவித்தது.

கூரை மூடிய பிறகு கதையே வேறு. லோரியானின் கெரோமான் தளத்தில், கடலிலிருந்து வரும் நீர்மூழ்கியை நீருக்குள் இருக்கும் தொட்டில் போன்ற சட்டத்தின் மேல் நிறுத்தி, சாய்தளத்தின் வழியே கரைக்கு இழுத்து, தண்டவாளத்தில் ஓடும் மேடையால் பக்கவாட்டில் நகர்த்தி, காலியாக உள்ள அறைக்குள் செலுத்துவார்கள். பட்டறைகள் கூரையின் கீழேயே இருந்ததால் பழுது பார்க்கும் வேலை தடைபடாது. பின்னர் கட்டிய மூன்றாம் கூடத்தின் கூரை ஏழு மீட்டருக்கும் அதிகத் தடிமன் கொண்டது. சாதாரணக் குண்டு அதன் மேற்பரப்பைச் சற்றே பெயர்த்ததோடு சரி.

இது தெரிந்திருந்தும், கடலில் கப்பல் இழப்பு பெருகவே, 1943 ஜனவரி 14 அன்று இந்தத் துறைமுக நகரங்களையே தாக்கும்படி குண்டுவீச்சுப் படைக்கு உத்தரவு வந்தது. கூடங்களை உடைக்க முடியாது. எனவே சுற்றியுள்ள வீடு, மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து அனைத்தையும் அழித்தால் தளம் முடங்கும் என்பது கணக்கு. படைத் தலைவர் ஆர்தர் ஹாரிஸ் இதில் பயனில்லை என்று எதிர்த்தார். ஆனாலும் உத்தரவு நிறைவேறியது. பிப்ரவரி நடுப்பகுதிக்குள் லோரியான் நகரம் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டது. மக்கள் ஊரைக் காலி செய்து போனார்கள். கூடத்துக்குள் இருந்த நீர்மூழ்கி ஒன்றுகூட மூழ்கவில்லை. மார்ச் நடுவில் எச்எக்ஸ் 229, எஸ்சி 122 என்னும் இரண்டு கப்பல் தொடரணிகளில் 22 வணிகக் கப்பல்களை அதே நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அந்த நகரங்களில் நாய், பூனைகூட மிஞ்சவில்லை, நீர்மூழ்கிக் கூடங்கள் மட்டுமே நிற்கின்றன என்று அந்த மே மாதத்தில் டோனிட்ஸ் குறிப்பிட்டார். ஜெர்மானியக் கடற்படைத் தலைவர் சொன்ன சொல் என்றாலும், அதில் மிகையில்லை. பிரெஞ்சு மக்களின் வீடுகளை எரித்து வாங்கிய பயன் இவ்வளவுதான் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் நீர்மூழ்கிகளுக்கு எதிராகக் கனரக விமானங்கள் பயனற்றவையா?
– வாசகர், பினாங்கு

பதில்: இல்லவே இல்லை. அனுப்பிய இடம்தான் தவறு. அக்காலத்து நீர்மூழ்கி பெரும்பாலும் நீர்மட்டத்தில் டீசல் எஞ்சினில் ஓடும். நீருக்குள் மின்கலத்தில் மட்டுமே ஓட வேண்டியிருப்பதால் அதன் வேகம் மிகவும் குறைந்துவிடும், வணிகக் கப்பல்களைத் துரத்த முடியாது. ஆகவே வானில் ஒரு விமானம் தென்பட்டு அது மூழ்க நேர்ந்தாலே வேட்டை பாதி கெட்டுவிடும். கிரீன்லாந்துக்குத் தெற்கே எந்தக் கரையிலிருந்தும் விமானம் எட்டாத ஒரு பரப்பு இருந்தது. நீர்மூழ்கிகள் அங்கேதான் கூட்டமாகக் காத்திருந்தன. கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய நான்கு எஞ்சின் லிபரேட்டர் விமானங்களால் அங்கே செல்ல முடிந்தது. ஆனால் 1943 தொடக்கத்தில் அந்தப் பணிக்குக் கிடைத்தவை மிகச் சில. புதிய ராடாருடன் அவற்றின் எண்ணிக்கை கூடியதும், பாதுகாப்புக் கப்பல்களும் பெருகியதும், நிலைமை தலைகீழானது. மே மாதத்தில் மட்டும் 40-க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்த டோனிட்ஸ், 24-ஆம் தேதி வட அட்லாண்டிக்கிலிருந்து தம் படையைப் பின்வாங்கச் செய்தார்.

உங்கள் ஊரிலும் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தங்கியிருந்தன. 1944 அக்டோபர் 27 அன்று வங்காளத்திலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் லிபரேட்டர்கள், போக வர ஏறத்தாழ 3,000 மைல் பறந்து, பினாங்குத் துறைமுக வழிகளில் கண்ணிவெடிகளைப் போட்டுத் திரும்பின. தளத்தைத் தொடாமல் அதன் வாசலை அடைக்கும் முறை அது. என் பார்வையில், லோரியானை எரித்ததைவிட இதில் எவ்வளவோ புத்தி இருந்தது.

கேள்வி: டால்பாய் குண்டு இந்தக் கூரைகளைத் துளைத்ததாகப் படித்தேன். உண்மையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்மை. பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த அந்த 5.4 டன் குண்டு, கடினமான எஃகு உறையோடு உயரத்திலிருந்து ஒலியை விஞ்சும் வேகத்தில் விழுந்து, உள்ளே புதைந்த பிறகே வெடிக்கும். 1944 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டிஷ் 617-ஆம் படைப்பிரிவின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் பிரெஸ்டில் அதை வீசியபோது கூரை சில இடங்களில் ஓட்டையானது. ஆனால் நார்மண்டியில் நேசப்படை இறங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நீர்மூழ்கிகள் நார்வேக்கு இடம்பெயரத் தொடங்கியிருந்தன.

அங்கேயும் அவற்றைத் தேடிச் சென்றார்கள். அக்டோபர் 4 அன்று பெர்கன் நகரின் லாக்ஸவோக் பகுதியில் இருந்த கூடத்தைக் குறிவைத்த சாதாரணக் குண்டுகள் ஹோலன் பள்ளியின் மீதும் விழுந்து, 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். கூடத்துக்குப் பெரிய சேதமில்லை.

டால்பாயைவிடப் பெரியதான பத்து டன் கிராண்ட் ஸ்லாம், 1945 மார்ச் 27 அன்று பிரெமனுக்கு அருகே ஃபார்கவில் வீசப்பட்டது. கைதிகளை வதைத்து வேலை வாங்கிக் கட்டப்பட்ட, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த நீர்மூழ்கித் தொழிற்கூடத்தின் 4.5 மீட்டர் கூரையை இரண்டு குண்டுகள் துளைத்தன. போர் முடிய ஆறு வாரமே இருந்தது. அந்தத் தொழிற்கூடத்தில் அதுவரை ஒரு நீர்மூழ்கிகூடக் கட்டி முடிக்கப்படவில்லை.