மணிக்கூண்டும் ஒரு பூனையும்

கேள்வி: எங்களுடையது சின்ன ஊர். நூறு வயதைத் தாண்டிய மணிக்கூண்டு ஒன்று விரிசல் விட்டு நிற்கிறது. அதைப் பழமை மாறாமல் புதுப்பிக்கப் பெரிய தொகை ஒதுக்கப்போகிறார்களாம். சாக்கடையும் சாலையும் காத்துக் கிடக்கும்போது இது தேவையா? பாரம்பரியமா, மக்கள் பணமா? குடிமக்கள் எந்தப் பக்கம் நிற்பது?

பதில்: பக்கத்தை அப்புறம் பார்ப்போம். 'பழமை மாறாமல் புதுப்பிக்க' என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். இந்தத் தொடரை முதலில் எழுதியவர் யாரென்று தெரிந்தால் கையைப் பிடித்துக் குலுக்க ஆசை. அப்படியே கொஞ்சம் முறுக்கவும் ஆசை. நனையாமல் குளிப்பது, வாயைத் திறக்காமல் பாடுவது என்ற வரிசையில் வைக்க வேண்டிய வித்தை இது. பழமை மாறக்கூடாது என்றால் புதுப்பிக்கக் கூடாது, பராமரிக்க வேண்டும். ஆனால் பராமரிப்புக்குத் திறப்பு விழா கிடையாதே! மொட்டைமாடி மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை அள்ளியவர் பெயரில் கல்வெட்டு எதையாவது பார்த்திருக்கிறீர்களா?

இங்கிலாந்தில் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877இல் பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். இடிப்பவர்கள்மீது இருந்த கோபத்தைவிட, 'புதுப்பிப்பவர்கள்'மீதுதான் அவர்களுக்குக் கோபம் அதிகம். தினசரி கவனிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள், அது போதும் என்றார்கள். நூற்றைம்பது ஆண்டு ஆகப்போகிறது. சருகு இன்னும் குழாயில்தான் இருக்கிறது.

மணிக்கூண்டு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஒரு பூனை. வெனிஸ் நகரத்தில் புனித மாற்கு சதுக்கத்து மணிக்கோபுரம் 1902 ஜூலை 14 அன்று காலை அப்படியே பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டது. யாரும் குண்டு வைக்கவில்லை. அடியில் ஒட்டியிருந்த சிறிய மண்டபத்தின் கூரையைப் பழுதுபார்க்கப்போன இடத்தில் கோபுரச் சுவரை வெட்டினார்கள். விரிசல் மேலே ஏறியது. சதுக்கத்தை முன்கூட்டியே காலி செய்ததால் மனித உயிர் எதுவும் போகவில்லை. போனது காவலாளியின் பூனை.

அந்தப் பூனையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஊரில் மற்ற எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர்கள். அது ஒன்றுதான் உள்ளே குடியிருந்த பயனாளி. எந்தப் பொந்தில் எலி, எந்தச் செங்கல் ஆடுகிறது என்பதெல்லாம் அதற்கு அத்துபடியாக இருந்திருக்கும். ஆய்வுக் குழுவில் சேர்த்திருக்கலாம்: பயணப்படி கேட்டிருக்காது, காலநீட்டிப்பு கோரியிருக்காது. பரிந்துரைப் பகுதியில் 'மியாவ்' என்று ஒரு சொல் மட்டும் இருந்திருக்கும். நான் படித்த சில நிபுணர் அறிக்கைகளைவிட அது தெளிவு.

கோபுரம் விழுந்த அன்று மாலையே நகர மன்றம் கூடி, முதல் தவணையாக 5 லட்சம் லீரா ஒதுக்கியது. 'இருந்தபடியே, இருந்த இடத்திலேயே' கட்டுவோம் என்றார்கள். கட்டி முடித்துத் திறந்தது 1912 ஏப்ரல் 25. நின்றுகொண்டிருக்கும் கோபுரத்துக்கு எந்த மன்றமாவது ஒரே மாலையில் பணம் எடுத்து வைக்குமா? விழுந்தால்தான் பெட்டி திறக்கும்.

ஆக, செலவு செய்யலாமா என்பதைவிட, எந்தக் கையால் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பயம். ஏதென்ஸில் பலானோஸ் என்ற பொறியாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்த்தெனான் என்ற பழைய கிரேக்கக் கோயிலைச் செப்பனிட்டார். பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்தார். பழைய கிரேக்கர்களும் இரும்பைத்தான் போட்டார்கள். ஆனால் சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றி வைத்தார்கள், ஈரம் அண்டாமல். இவர் அதை விட்டுவிட்டார். இரும்பு துருவேறிப் பருத்தது, பளிங்கு வெடித்தது. 1975இல் ஒரு குழு போட்டு, அந்த இரும்பையெல்லாம் பிடுங்கி டைட்டானியம் வைக்க ஆரம்பித்தார்கள். ரிப்பேரை ரிப்பேர் செய்யும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

பழைய சுவருக்கும் சிமெண்டே பூசலாம் என்று இதே பக்கத்தில் முன்பு என்னோடு மல்லுக்கு நின்ற ஓய்வுபெற்ற பொறியாளர் இதைப் படித்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன். ஐயா, மறுபடியும் சொல்கிறேன்: சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, செங்கல்தான் பொரிந்து கொட்டும். 'சிமெண்ட் பலமானது' என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தப் பலம்தான் பிரச்சினையே.

சரி, உங்கள் கேள்வி. சாக்கடையா மணிக்கூண்டா என்று இரண்டு கட்சி கட்டியிருக்கிறீர்கள். அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் சாக்கடை தேங்கினால் என்ன ஆகும்? மண் ஊறும், ஈரம் சுவரில் ஏறும், உப்புப் பூக்கும், பூச்சு உதிரும். சாக்கடையைச் சரிசெய்வதுதான் பல கட்டடங்களுக்கு முதல் வைத்தியம். அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதினாலும் சரி. ஆகவே மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். விரிசலுக்கு எவ்வளவு, வண்ண விளக்குக்கும் தரை ஓட்டுக்கும் எவ்வளவு என்று தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் அடுத்த பத்து ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே விடாதீர்கள். பாரம்பரியத்தின் எதிரி என்று உங்களைச் சொல்வார்கள். சொல்லட்டும். கோபுரத்தில் முளைத்திருக்கும் செடியை இத்தனை நாள் பிடுங்காதவர்கள்தானே சொல்லப்போகிறார்கள்.

எல்லாப் பழசையும் காப்பாற்ற வேண்டும் என்பவன் அல்ல நான். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர மக்களிடம் 2005இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள்: எல்பே பள்ளத்தாக்கில் பாலம் வேண்டுமா? வேண்டும் என்றார்கள் பெரும்பான்மையோர். யுனெஸ்கோ கோபித்துக்கொண்டு 2009இல் அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. 2013இல் பாலம் திறந்தார்கள். அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர்களை ஒருவர் கேட்டார். உங்களை யாராவது கேட்டார்களா?

எப்படியும் கல்வெட்டு ஒன்று வைக்கத்தான் போகிறார்கள். அதில் 'நினைவு சின்னம்' என்று செதுக்கிவிடப் போகிறார்கள். 'நினைவுச் சின்னம்', நடுவில் ஒரு 'ச்' உண்டு. செதுக்கும் முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். பிறகு அதையும் பழமை மாறாமல் காப்பாற்றித் தொலைக்க வேண்டியிருக்கும்.