மூன்று பெல்லட் வேண்டாம், தம்பி

தம்பி, பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் மான் வேட்டைக்குக் கூப்பிட ஆள் கிடைத்துவிட்டதா! எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. நீங்கள் கேட்டது இதுதான்: அலுவலக நண்பர் தன் பழைய .50 காலிபர் (குழாய்த் துளை அரை அங்குலம்) மஸில்லோடரை, அதாவது வாய் வழியாக மருந்திடும் துப்பாக்கியை, தருகிறேன் என்கிறார். "மூன்று பெல்லட் போடு, வேகம் கூடினால் மான் நின்ற இடத்திலேயே விழும்" என்றும் சொல்கிறார்; பெல்லட் என்றால் வெடிமருந்தை அழுத்தி உருட்டிய வில்லை. உண்மையா என்று கேட்கிறீர்கள்.

விழலாம், விழாமலும் போகலாம். வேகம் அதைத் தீர்மானிப்பதில்லை.

அதற்கு முன் ஒரு விஷயம். நீங்கள் எச்-1பி-யில் இருக்கிறீர்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது இங்கே மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. கரிமருந்து மஸில்லோடரை அதே சட்டம் பெரும்பாலும் பழங்காலத் துப்பாக்கி என்று தனியாக ஒதுக்கிவிடுகிறது. ஆனால் குழாயைக் கழற்றி வேறு குழாய் மாட்டும் வகைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது, மாநிலச் சட்டங்களும் வேறு வேறு. அதனால் பாதுகாப்பு வகுப்பை முடித்து, உரிமம் கையில் வந்த பிறகு துப்பாக்கியைத் தொடுங்கள். நம் ஊரில் மான் கறி என்றாலே வனத்துறை, போலீஸ், பேப்பரில் போட்டோ. இங்கே அதே காரியம் முறைப்படி நடக்கிறது. ஆனால் காகிதம் சரியாக இல்லையென்றால் இங்கேயும் அதே கதைதான்.

இனி வேகத்துக்கு வருவோம். இந்தத் துப்பாக்கி வேறொன்றுமில்லை, நம் மலைப்பக்கத்து நாட்டுத்துப்பாக்கியின் படித்த பேரன். வன்னியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் முதல் தடவை பார்த்ததும் "இடியன் துவக்கு!" என்றார். வாய் வழியாக மருந்து, அதன் மேல் குண்டு, குச்சியால் இடித்து இறக்க வேண்டும், ஒரு வெடிதான். மருந்தும் வெடியுப்பு, கரி, கந்தகம் என்ற பழைய சேர்மானமோ, அதற்கு மாற்றாகச் செய்த பைரோடெக்ஸ் மாதிரியோ. சுட்டதும் வரும் புகையில் தீபாவளி விடியற்காலை வாசனை அடிக்கும். 1985-ல் மிசூரியில் டோனி நைட் என்பவர், மருந்துக்கு நேர் பின்னாலிருந்தே பற்றவைக்கும் இன்லைன் மாடலைக் கொண்டு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் சின்னக் குண்டு, உருட்டிய பெல்லட் மருந்து, மருந்தைப் பற்றவைக்க 209 பிரைமர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, வேகப் பந்தயம் சூடு பிடித்தது அதற்கப்புறம்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பெல்லட் 50 கிரெயின். குண்டு 250 கிரெயின் என்றால் பதினாறு கிராம் சொச்சம், அதாவது இரண்டு பவுன் தங்கத்தின் எடை. இரண்டு பெல்லட் போட்டால் அது குழாய் வாயிலிருந்து நொடிக்கு 1,650 அடி வாக்கில் கிளம்பும். மூன்று போட்டால் 1,950 வாக்கில். குழாய்க்குக் குழாய் கொஞ்சம் மாறும். மருந்து ஒன்றரை மடங்கு, வேகம் ஆறில் ஒரு பங்குக்கு மேல்தான் கூடுகிறது. அந்தக் குட்டைக் குழாய்க்குள் அவ்வளவு மருந்தும் முழுதாக எரிந்து தீர நேரமில்லை. உங்கள் தோளுக்குக் கிடைக்கும் உதை மட்டும் கணக்குப் பிசகாமல் வரும். 100 கஜம் போவதற்குள் முதலாவது ஏறத்தாழ 1,300-க்கும் இரண்டாவது 1,550-க்கும் இறங்கிவிடும். 1,300-ஏ மானின் நுரையீரலைத் துளைத்து மறுபக்கம் வெளியே வரப் போதும்.

இது தெரியாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் அக்டோபர். நானும் மூன்று பெல்லட்தான் போட்டிருந்தேன், மேலே 200 கிரெயினில் லேசான ஒரு ஹாலோ பாயின்ட் (மூக்கில் குழிவுள்ள) குண்டு. கைத்துப்பாக்கிக்குச் செய்தது, மெதுவான வேகத்தில் விரிய வேண்டியது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், நானும் வாங்கி வந்தேன். பெண் மான் ஒன்று இருபத்தைந்து கஜத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது. சுட்டேன். முன்னால் வெள்ளைத் திரை போட்ட மாதிரி புகை. அது கலைவதற்குள் மானைக் காணோம். குண்டு போன இடத்தில் ரோமம் மட்டும் ஒரு பிடி கிடந்தது, ரத்தம் இல்லை. இரண்டு மணி நேரம் இலைச் சருகைக் கிளறிக் கிளறி நடந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் கண்டுபிடித்தேன். உரித்துப் பார்த்தால் குண்டு தோள் எலும்பில் மோதிச் சுக்குநூறாகி, மேலுறை ஓரிடத்தில், ஈயச் செதில்கள் வேறிடத்தில். உள்ளே போனது, வெளியே வரவில்லை. ஒரு சப்பை முழுக்க ரத்தம் உறைந்து கருத்துப்போய் அப்படியே வீசினேன். அன்றைக்கு அந்த மான் பட்ட பாடு இன்னும் மனசில் இருக்கிறது.

குண்டு மெதுவாகப் போனதால் வந்த வினை இல்லை அது. தாங்க முடியாத வேகத்தில் போனதால் வந்தது. நேர் எதிரான தப்பும் உண்டு: கெட்டியான குண்டு, குறைந்த மருந்து, தூரத்தில் மான். அப்போது குண்டு விரியவே விரியாது, கோணி ஊசி குத்தின மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், மான் வெகுதூரம் ஓடும். ஒவ்வொரு குண்டும் இந்த வேகத்திலிருந்து இந்த வேகம் வரை என்று ஒரு வரம்புக்குள்தான் ஒழுங்காக விரியும். நாம் பார்க்க வேண்டியது வாயில் கிளம்பும் வேகத்தை அல்ல, மானைத் தொடும்போது இருக்கும் வேகத்தை. .30-06 மாதிரி நவீன ரைஃபிள் 180 கிரெயின் குண்டை நொடிக்கு 2,700 அடி வேகத்தில் அனுப்புகிறது. அந்தக் கதை வேறு. நம்முடையது ஓட்டை போட்டு வேலை செய்யும் ஆயுதம். இரண்டு ஓட்டை, நுரையீரல் வழியாக. அப்படிப் பட்டாலும் மான் ஐம்பது நூறு கஜம் ஓடத்தான் செய்யும். வெளியேறிய ஓட்டை இருந்தால் ரத்தத் தடம் வழி காட்டும்.

வேகத்தால் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது, குண்டு தாழ்வது குறையும். 100 கஜத்துக்குக் குறி வைத்துச் சரிபார்த்திருந்தால், 150 கஜத்தில் இரண்டு பெல்லட் குண்டு ஆறேழு அங்குலம் தாழும், மூன்று பெல்லட் நாலைந்து. அந்த இரண்டு அங்குலத்துக்காகவா தோளை வீங்க வைப்பது? நீங்கள் போகப்போகிற காட்டில் எண்பது கஜத்துக்கு மேல் கண்ணுக்கே எட்டாது. உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போது கண்ணை மூடினீர்கள் என்றால் இரண்டு அங்குலம் இல்லை, இரண்டு அடி போய்விடும்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் ஃப்ளின்ட்லாக் சீசனுக்கும் ஆசைப்படுவீர்கள், எனக்குத் தெரியும். 1974-லிருந்து பென்சில்வேனியா விடாமல் வைத்திருக்கும் கிறுக்கு அது, சிக்கிமுக்கிக் கல் தட்டித் தீப்பொறி. அதில் துணி சுற்றிய உருண்டைக் குண்டு போடுபவர்களுக்கு வேகப் பேச்சே வீண். உருண்டை காற்றோடு மல்லுக்கட்டி 100 கஜத்துக்குள் பாதிக்குப் பக்கமான வேகத்தை இழந்துவிடும். வேகமாக அனுப்ப அனுப்ப இழப்பும் கூடும். அதற்கு ஒரே வைத்தியம் கிட்டே போவது.

வீட்டில் குழந்தை இருக்கிறது என்றீர்கள், அதனால் கறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈயக் குண்டு எவ்வளவு வேகமாக மோதி உடைகிறதோ அவ்வளவு தூள் கறியில் சிதறும், கண்ணுக்கே தெரியாது. மினசோட்டா இயற்கைவளத் துறை 2008-ல் செத்த ஆட்டு உடல்களில் சுட்டுச் சோதித்தது. மஸில்லோடர் குண்டுகள் ரைஃபிள் குண்டுகளைவிடக் குறைவாகத்தான் சிதறின. இருந்தாலும் நான் முழுத் தாமிரக் குண்டுக்கு மாறிவிட்டேன், காயத்தைச் சுற்றி ஒரு சாண் வெட்டியும் எறிந்துவிடுவேன். தாமிரம் விரிய ஓரளவு வேகம் வேண்டும், அதற்கும் இரண்டு பெல்லட் தாராளம்.

நண்பரின் துப்பாக்கி எதை விரும்புகிறது என்று காகிதத்தில் சுட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பெல்லட், 250 கிரெயின், ஐம்பது கஜத்தில் மூன்று வெடி. ஒவ்வொரு வெடிக்கும் நடுவே குழாயைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் கரி அடைத்துக் குண்டு பாதியில் நின்றுவிடும். முழுசாக இறங்காத குண்டோடு சுட்டால் குழாய் வெடிக்கும், நவீன ரைஃபிளுக்கான புகையில்லா மருந்தைத் தவறிப் போட்டாலும் அதே கதிதான். இறங்கிவிட்டதா என்று தெரிய, இடிக்கும் குச்சியில் ஒரு கோடு போட்டு வைக்கலாம்.

சனிக்கிழமை காலை சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அதற்குள் உரிமம் வந்துவிட்டால் துப்பாக்கியையும் எடுத்து வாருங்கள், வராவிட்டால் சும்மா வந்து பாருங்கள். பழைய பருத்தி வேட்டி இருந்தால் கிழித்துக் கொண்டு வாருங்கள், குழாய் துடைக்க அதைப்போல எதுவும் வராது.