பனி தின்ற கிரீனுக்கு மறுபடி விதை: வாசகர் கேள்வி, பதில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கோல்ஃப் மைதானங்களில் புல் பராமரிப்பு வேலை பார்க்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

மார்ச் கடைசியில் பனி உருகியதும் இரண்டு கிரீன்கள் (பந்துக்குழி இருக்கும், தாழ வெட்டிய புல்தரைகள்) வைக்கோல் நிறத்தில் கிடக்கின்றன. புல் செத்துவிட்டதா, உறங்குகிறதா?

நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பந்துக்குழி வெட்டும் கருவியான கப் கட்டரால் கிரீனின் பள்ளத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என மண்ணோடு மூன்று நான்கு புல்கட்டிகளை வெட்டி எடுங்கள். வெயில் படும் ஜன்னலோரம், அறைச் சூட்டில், ஈரம் காயாமல் பத்து முதல் பதினான்கு நாள் வையுங்கள். உயிருள்ளது பச்சை காட்டிவிடும். அவசரமென்றால் ஒரு செடியைப் பிடுங்கி, வேரும் இலையும் சேரும் குருத்தடியை நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் குழைந்தால் போய்விட்டது.

கட்டியை முகர்ந்தும் பாருங்கள். புளித்த நாற்றம் அடித்தால் பனிக்கட்டிக்கு அடியில் காற்றில்லாமல் புல் மூச்சடைத்துச் செத்திருக்கிறது. கிரீனில் தானே முளைத்துப் பரவும் போவா அன்னுவா என்ற புல் இதைத் தாங்குவது ஏறக்குறைய 45 முதல் 60 நாள். கிரீனுக்கென்றே விதைக்கும் பென்ட்கிராஸ் என்ற மெல்லிய புல் அதைவிட வெகுநாள் தாங்கும். 2013 டிசம்பரில் ரொறன்ரோவைத் தாக்கிய உறைமழைக்குப் பின் பனிக்கட்டி பல வாரம் உருகாமல் கிடந்தது. 2014 வசந்தத்தில் இந்த வட்டாரத்தின் போவா கிரீன்கள் பல பாழானதற்கு அதுவே காரணம். பள்ளங்களில் மட்டும் செத்திருந்தால் கதை வேறு: பகலில் உருகிய நீரைக் குடித்த குருத்தடி, இரவில் உறைந்து வெடித்திருக்கும். வட்ட வட்டமான பனிப்பூஞ்சைத் தழும்புகளில் பெரும்பாலும் இலைதான் போயிருக்கும். அடி பிழைத்திருந்தால் சிறிது உரத்துக்கே எழுந்துவிடும்.

என்ன விதை, எவ்வளவு, எப்போது?

பென்ட்கிராஸ். அதில் பழைய ரகமான பென்கிராஸ் (Penncross) 1955-இல் வெளிவந்தது. பிறகு வந்த ஏ-4, டிக்ளரேஷன், 007 போன்ற ரகங்கள் அதைவிட அடர்த்தியாக நிற்கும், தாழ வெட்டினாலும் தாங்கும். சீக்கிரம் பச்சை தெரிய வேண்டுமென்று ரைகிராஸ் என்ற வேறு புல்லின் விதையைக் கிரீனில் போடவே போடாதீர்கள். ஒரு வாரத்தில் முளைக்கும், உண்மைதான். ஆனால் அதன் தடித்த இலை திட்டுத் திட்டாகத் தங்கி, பந்தின் ஓட்டத்தைக் கெடுக்கும்.

அளவு, சதுர மீட்டருக்கு 5 முதல் 7 கிராம். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு மூன்றரைக் கிலோ போதும். குறைவாகத் தோன்றும், ஆனால் ஒரு கிராமிலேயே சுமார் 13,000 விதை இருக்கிறது. அள்ளிக் கொட்டினால் நாற்றுகள் நெருங்கி, ஒன்றையொன்று நெரித்து, அழுகல் நோய்க்கு இரையாகும்.

நாட்காட்டியைப் பார்க்காமல் மண்ணின் சூட்டைப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் 12 பாகை செல்சியசை எட்டி அங்கேயே நிற்க வேண்டும். அதற்குக் கீழே விதை வாரக்கணக்கில் சும்மா கிடக்கும், அதே குளிரில் போவா முளைத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்றுப் புகும் மூடுவிரிப்பு போட்டால் சூடு சீக்கிரம் ஏறும். ஆனால் வெயில் நாளில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் புழுங்கினால் பூஞ்சை வரும். அதை எடுத்துவிடும் நாள் மேகமூட்டமாக இருப்பது நல்லது. விரிப்புக்குள் வளர்ந்த புல் மென்மையானது, நேர் வெயிலில் கருகும்.

போன வருடம் விதையைத் தூவி மேலே மணல் போட்டோம். ஒன்றுமே வரவில்லை. விதை கெட்டதா?

விதையில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. செத்த புல் ஒரு பாய் போலக் கிடக்கிறது; அதன் மேல் விழுந்த விதை மண்ணைத் தொடவே இல்லை. காலையில் நனைந்து முளைவிட்டு, மதியக் காற்றில் காய்ந்து செத்திருக்கும். மறுவிதைப்பு தோற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

முதலில் செங்குத்துக் கத்திகளால் புல்லைக் கீறும் வெர்டிகட்டரை 3 முதல் 6 மில்லிமீட்டர் ஆழத்தில் இரு திசையில் ஓட்டி, வரும் குப்பையை முழுக்க அள்ளுங்கள். பிறகு விதைக்குக் குழி வேண்டும். ஆழமில்லாக் குழிகளை நெருக்கமாகப் போடும் விதைப்புக் கருவி கிடைத்தால் அதுதான் சிறந்தது. இல்லாவிட்டால் மண்ணில் துளையிடும் ஏரேட்டரில் மெல்லிய திட டைன் (குத்தும் முள்) மாட்டி, இரண்டு மூன்று முறை போய், 6 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காமல் குத்துங்கள். வழக்கமான ஆழத்துக்கு விட்டால் விதை அடியில் புதைந்து மேலே வரத் தெம்பில்லாமல் போகும்.

பொடி விதை தனியாகச் சீராக விழாது. உலர்ந்த மணலுடன் கலந்து, பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும், காற்றில்லாக் காலை நேரத்தில் போடுங்கள். மேலே புல்நுனி மறையாத அளவுக்கு மெல்லிய மணல் போதும். கனத்த இரும்பு வலையை இழுக்காதீர்கள், விதையெல்லாம் ஒரு பக்கம் குவியும். மென்மையான துடைப்பத்தால் தள்ளி, லேசான ரோலர் ஒரு முறை.

இன்னொன்றையும் சரிபாருங்கள். இலையுதிர்காலத்திலோ வசந்தத்திலோ களைவிதை முளைக்காமலிருக்க மருந்து அடித்திருந்தால், அது உங்கள் விதையையும் தடுக்கும். வளர்ச்சி அடக்கும் மருந்துகளையும் நாற்று தேறும்வரை நிறுத்துங்கள்.

விதைத்தபின் நீர், உரம், வெட்டு?

முதல் இரண்டு மூன்று வாரம் மேல்மண் காயவே கூடாது. நாளைக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம். தேங்கினால் அதிகம்: பித்தியம் என்ற நோய்க்கிருமி நாற்றின் அடியை அழுகவைத்துவிடும். பொழுது சாய்ந்தபின் நீர் விடாதீர்கள். வேர் இறங்க இறங்க முறைகளைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கொடுங்கள்.

விதைக்கும் அன்று பாஸ்பரஸ் உள்ள தொடக்க உரம். முளைத்தபின் வாரம் ஒரு முறை சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் நைட்ரஜன், கரைத்துத் தெளிப்பது நல்லது. மொத்தமாகப் போட்டால் உயிரோடிருக்கும் போவாதான் அதைத் தின்று கொழுக்கும்.

நாற்று ஒரு சென்டிமீட்டர் வந்ததும், புல் உலர்ந்திருக்கும்போது, கையால் தள்ளும் இயந்திரத்தால் முதல் வெட்டு. உருளை வரியில்லாத வழவழப்பானதாகவும் கத்தி புதுசாகத் தீட்டியதாகவும் இருக்கட்டும். மழுங்கிய கத்தி வெட்டாது, நாற்றைப் பிடுங்கும். உயரம் 6 மில்லிமீட்டரில் தொடங்கிச் சில நாளுக்கு ஒருமுறை கால் மில்லிமீட்டர் இறக்குங்கள். இயந்திரத்தைக் கிரீனுக்கு வெளியே, பலகை போட்டுத் திருப்புங்கள். அந்த ஓரத்தில்தான் நாற்று முதலில் கிழியும்.

உள்ளங்கையைவிடப் பெரிய மொட்டைத் திட்டுகளுக்கும் விதைதானா?

சில திட்டுகள்தான் என்றால் பயிற்சிக் கிரீனிலோ நாற்றங்காலிலோ இருந்து கட்டிகளை வெட்டி ஒட்டுங்கள். மண்ணின் தன்மை ஒத்திருக்க வேண்டும்; களிமண் கட்டியை மணல் கிரீனில் வைத்தால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் காய்ந்து, ஒட்டு நெடுநாள் தனியாகத் தெரியும்.

உறுப்பினர்கள் மே மாதமே திறக்கச் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பாதிக்கு மேல் உயிர் இருந்த கிரீனுக்கு ஆறு வாரமாவது, முழுதாகச் செத்ததற்கு எட்டு முதல் பத்து வாரம், குளிர் நீண்டால் இன்னும் கூடுதல் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதுவரை முன்னால் உள்ள ஃபேர்வேயில் (கிரீனுக்கு வரும் வழியிலுள்ள புல்வெளியில்) தற்காலிகக் கிரீனை நன்றாகவே அமைத்துக் கொடுங்கள். அது ஆடத் தகுந்ததாக இருந்தால் அழுத்தம் பாதியாகும். திறக்கலாமா என்று அறிய, நாற்றை இரு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். வேரோடு கையில் வந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இலை அறுந்து, வேர் மண்ணிலேயே நின்றால் முதலில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் திறந்து, பந்துக்குழியைத் தினமும் இடம் மாற்றுங்கள்.