வெல்வதற்காக மூன்றாம் அணி பணம் கொடுத்தால் வாங்கலாமா?

கேள்வி: மாவட்டக் கபடித் தொடரில் எங்கள் அணி அரையிறுதி வாய்ப்பை இழந்துவிட்டது. இன்னும் ஒரு லீக் ஆட்டம் பாக்கி. அதில் நாங்கள் வென்றால் வேறொரு அணி அரையிறுதிக்குப் போகும். அந்த அணியின் நிர்வாகி, "ஜெயித்தால் உங்களுக்குப் பணம் தருகிறேன்" என்கிறார். தோற்கச் சொல்லவில்லை, ஜெயிக்கத்தானே சொல்கிறார்? இது சட்டப்படி குற்றமா? நியாயப்படி தவறா?

பதில்:

வாங்காதீர்கள். ஆனால் அது குற்றம் என்பதால் அல்ல. சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம்கூட நிற்கலாம். நான் வழக்கறிஞன் இல்லை. கல்லூரி நாட்களில் கபடி ஆடியவன், அதன்பிறகு ஐரோப்பியக் கால்பந்தை விடாமல் பார்த்து வருபவன். உங்கள் கேள்வியை அப்படியே ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே விசாரித்திருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்பெயின் கால்பந்தில் இது பழைய வியாதி. லீக் முடியும் மே மாதம் வந்துவிட்டால் 'பெட்டி'ப் பேச்சும் வந்துவிடும். பட்டத்துக்கோ, கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்கவோ போராடும் கிளப், தன் போட்டியாளரை எதிர்த்து ஆடப்போகும் வேறொரு அணிக்குக் கைப்பெட்டியில் பணம் அனுப்புகிறது என்பார்கள். 1994 மே 14 அன்று டெபோர்ட்டிவோ லா கொருன்யா தன் முதல் லீக் பட்டத்தை வெல்ல வலென்சியாவை வீழ்த்தினால் போதும். வலென்சியாவுக்கு அந்த ஆட்டத்தில் பெறவோ இழக்கவோ எதுவும் இல்லை. கோல் இல்லாமல் நகர்ந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் டெபோர்ட்டிவோவுக்குப் பெனால்டி கிடைத்தது. ஜுகிச் உதைத்தார், வலென்சியா கோல்கீப்பர் கொன்சாலஸ் பிடித்துவிட்டார். பட்டம் பார்சிலோனாவுக்குப் போனது. கொன்சாலஸ் அன்று முஷ்டியை உயர்த்திக் கொண்டாடியதை வைத்தே பெட்டிப் பேச்சு பல ஆண்டுகள் ஓடியது. ஒரு கோல்கீப்பர் பெனால்டியைத் தடுத்துவிட்டு மகிழ்ந்தால்கூடச் சந்தேகப்படும் நிலைக்கு அந்த நாட்டு ரசிகன் வந்திருந்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்ட விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது ஒசாசுனா வழக்கில். பாம்ப்லோனா நகரத்துக் கிளப். 2013-14 பருவத்தின் முடிவில் இறக்கத்தின் விளிம்பில் நின்றது. ரியல் பெட்டிஸ் அணியோ ஏற்கெனவே கடைசி இடத்தில் விழுந்து, இறங்குவது உறுதியாகியிருந்தது. பெட்டிஸுக்கு மீதமிருந்த இரண்டு ஆட்டங்களில் முதலாவது, ஒசாசுனாவைப் போலவே தவித்துக்கொண்டிருந்த வல்லடோலிட் அணியுடன். இரண்டாவது ஒசாசுனாவுடனேயே. நவார்ரா மாகாண நீதிமன்றம் 2020இல் கண்டறிந்தது இதுதான்: ஒசாசுனா நிர்வாகிகள் பெட்டிஸ் வீரர்களுக்கு 6,50,000 யூரோ கொடுத்தார்கள். அதில் 4,00,000 வல்லடோலிட்டை வெல்வதற்கு, 2,50,000 அடுத்த வாரம் ஒசாசுனாவிடம் தோற்பதற்கு. பெட்டிஸ் வல்லடோலிட்டை வென்றது, ஒசாசுனாவிடம் தோற்றது. இத்தனை செலவழித்தும் ஒசாசுனா தப்பவில்லை. அல்மேரியா ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றுப் பிழைத்துக்கொள்ள, ஒசாசுனா கீழே போனது.

விளையாட்டில் ஊழலைக் குற்றமாக்கும் பிரிவை ஸ்பெயின் 2010இல்தான் தன் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தது. அந்தப் பிரிவின் கீழ் கால்பந்தில் வந்த முதல் தண்டனை இந்த வழக்கில்தான். மேல்முறையீட்டில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டு தொகைகளையும் பிரித்துப் பார்த்தது. தோற்பதற்கு வாங்கியது குற்றம், அதில் மாற்றமில்லை. வெல்வதற்கு வாங்கியது தண்டனைச் சட்டத்தின்படி குற்றமாகாது என்றது. சட்டம் தண்டிப்பது, முடிவை மோசடியாகத் திரிப்பதை. வெல்ல முயல்வது வீரனின் கடமையே என்னும்போது, அவன் கடமையைச் செய்யக் கூடுதலாகப் பணம் வாங்கினான் என்பதற்காக எப்படிச் சிறையில் தள்ளுவது? அதை விளையாட்டு அமைப்பின் ஒழுங்கு விதிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிகளில் மூன்றாம் கிளப்பிடம் பணம் வாங்குவதற்குத் தடை இருக்கிறது.

எனக்கு அந்தத் தீர்ப்பில் குறையில்லை. எல்லா அசிங்கத்துக்கும் சிறைதான் மருந்து என்று நான் நினைப்பதில்லை. ஆனால் அந்த வழக்கை நன்றாகப் பாருங்கள். வெல்வதற்குப் பணம் கொடுத்தவர்களும் தோற்பதற்குப் பணம் கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள். வாங்கியதும் ஒரே அணியின் வீரர்கள். நடுவில் இருந்தது ஒரு வாரம். முதல் வாரம் "ஜெயி" என்று வந்த பணம் அடுத்த வாரம் "தோற்றுவிடு" என்று வர, புதிதாக ஒரு அறிமுகம்கூடத் தேவைப்படவில்லை. அதோடு, கிளப்பின் கணக்கில் காட்ட முடியாத பணம் அது. அதனால் போலி ஆவணங்கள், கிளப் பணத்தைக் கையாடல் செய்தது என்று வேறு குற்றச்சாட்டுகளிலும் நிர்வாகிகள் தண்டிக்கப்பட்டார்கள். உங்களுக்குப் பணம் தருவதாகச் சொல்லும் நிர்வாகியும் அதை எந்தக் கணக்கில் எழுதப்போகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க பேஸ்பாலிலும் இதே கதை. 1917இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் தலைக்கு 45 டாலர் அளவில் திரட்டி டெட்ராய்ட் டைகர்ஸ் வீரர்களுக்குக் கொடுத்தார்கள். பத்தாண்டு கழித்து விஷயம் வெடித்தபோது, அந்தப் பணத்துக்கு இரண்டு விளக்கங்கள் வந்தன. டெட்ராய்ட் அணி எங்களிடம் வேண்டுமென்றே தோற்றதற்கான கூலி அது என்றார் முன்னாள் ஒயிட் சாக்ஸ் வீரர் ஸ்வீட் ரிஸ்பெர்க். இல்லை, எங்கள் போட்டியாளரான பாஸ்டனை டெட்ராய்ட் பந்துவீச்சாளர்கள் தோற்கடித்ததற்கு நாங்கள் தந்த அன்பளிப்பு என்றார்கள் மற்றவர்கள். பேஸ்பால் ஆணையர் லேண்டிஸ் 1927 ஜனவரியில் இரண்டாவது விளக்கத்தை ஏற்று எல்லாரையும் விடுவித்தார். கண்டிக்கத்தக்க செயல், ஆனால் ஊழல் அல்ல என்பது அவர் முடிவு. (ரிஸ்பெர்க்கே 1919 உலகத் தொடரைச் சூதாடிகளுக்கு விற்றதாக வாழ்நாள் தடை பெற்றவர். அவர் சாட்சியத்துக்கு எத்தனை மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) இன்று மேஜர் லீக் பேஸ்பாலின் 21ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. வேறொரு அணியைத் தோற்கடித்ததற்காக இன்னொரு கிளப்பின் வீரருக்குப் பரிசு கொடுத்தாலோ, வாங்கினாலோ குறைந்தது 3 ஆண்டு தடை.

இதனால்தான் 'ஜெயிக்கத்தானே' என்ற வாதம் என்னிடம் எடுபடுவதில்லை. வெற்றிக்கான பணமும் தோல்விக்கான பணமும் ஒரே ஆள் வழியாக, ஒரே இரகசியத்தில் வருகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. மாட்டிக்கொண்டால் எல்லாரும் சொல்வது 'ஜெயிக்கத்தான் வாங்கினோம்' என்றுதான்.

உங்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை நீங்கள் கேள்வியில் எழுதவில்லை, நானே எழுதிவிடுகிறேன். தொடரிலிருந்து வெளியேறிவிட்ட அணி கடைசி ஆட்டத்தில் ஏனோதானோ என்று ஆடும். அது போட்டியிலிருக்கும் மற்றவர்களுக்கு அநியாயம். யாரோ பணம் கொடுத்து அந்த அணியை முழு மூச்சோடு ஆட வைத்தால் அந்த அநியாயம் சரியாகிறதே? ஸ்பெயினிலும் பெட்டிக்கு ஆதரவாகப் பேசியவர்கள் இதையே சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முழு மூச்சு யாருக்குக் கிடைக்கிறது? பணம் உள்ளவனின் போட்டியாளருக்கு எதிராக மட்டும். இதே தொடரில் இன்னொரு ஏழை அணியும் உங்கள் முடிவை நம்பி நின்றால், அதற்காக நீங்கள் மூச்சைக் கட்டி ஆடப்போவதில்லை. உங்கள் உழைப்புக்கு ஏலம் நடக்கிறது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு யாரும் பணம் தராத ஆட்டத்தில் நீங்கள் சற்றுத் தளர்ந்து ஆடினாலும் அதற்கு ஒரு காரணம் கற்பிக்கப்படும். கொன்சாலஸின் முஷ்டி நினைவிருக்கிறதல்லவா?

ஆர்வமில்லாத அணிக்கு ஆர்வமூட்ட வெளிப்படையான வழிகள் இருக்கின்றன. இங்கிலாந்து பிரீமியர் லீகில் பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிப் பணம் உண்டு. 12ஆம் இடமா 13ஆம் இடமா என்பதற்காகக்கூடக் கடைசி நாளில் ஓடுவார்கள். ஸ்பெயினிலும் 2015இல் வந்த சட்டப்படி தொலைக்காட்சி வருவாயின் பாதி சமமாகப் போக, மீதியின் ஒரு பங்கு ஆடுகள முடிவுகளைப் பொறுத்துப் பிரிக்கப்படுகிறது. அதுவும் ஊக்கத்தொகைதான். ஆனால் விதி முன்கூட்டியே தெரியும், எல்லாருக்கும் பொருந்தும்.

பணத்தையே நான் வெறுப்பதாக எண்ணிவிடாதீர்கள். ஒலிம்பிக் தங்கத்துக்குத் தமிழ்நாடு அரசு 3 கோடி ரூபாய் அறிவித்திருக்கிறது. 2024 பாரிஸில் தடகளத் தங்கத்துக்கு உலகத் தடகள அமைப்பு 50,000 டாலர் கொடுத்தது. கிராமத்துக் கபடியில் "இந்த ரெய்டில் புள்ளி எடுத்தால் ஐந்நூறு ரூபாய்" என்று மைக்கில் அறிவிப்பார்கள். அப்படி அறிவித்த பணத்தை நானும் வாங்கியிருக்கிறேன், கொஞ்சமும் கூசியதில்லை. கொடுப்பவர் பெயரும் தொகையும் மைதானத்துக்கே தெரியும், எதிரணி ரெய்டருக்கும் அதே அறிவிப்பு வரும்.

சொந்த அணியே கொடுத்தாலும் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்குள் 2009 முதல் 2011 வரை ஒரு பணக் குடம் இருந்தது. எதிராளியைக் காயப்படுத்தி வெளியேற்றினால் அதிலிருந்து பரிசு. விஷயம் தெரிந்ததும் பயிற்சியாளர் சீன் பேட்டன் 2012 பருவம் முழுவதும் தடை செய்யப்பட்டார்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், ஆட்ட முடிவை விலைபேசுவதற்கென்று தனிச் சட்டமே நம்மிடம் இல்லை. கர்நாடக பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் பணம் வாங்கி ஆட்டத்தை விற்றதாகத் தொடுத்த வழக்கில், அது இந்தியத் தண்டனைச் சட்டம் 420இன் கீழ் மோசடியாகாது என்று 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் குற்றப்பத்திரிகையை இரத்து செய்தது. நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கிரிக்கெட் வாரியத்துக்கு இருக்கிறது என்றும் சொன்னது. தோற்றதாகச் சொல்லப்பட்ட வழக்கிலேயே நிலைமை இது. எனவே ஜெயிக்கப் பணம் வாங்கியதற்காகப் போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தொடரை நடத்தும் சங்கத்தின் விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். அதில் தடை இருந்தால் அணியையே நீக்கலாம், உங்கள் வீரர்கள் மாவட்டத் தேர்வுக்குப் போவதும் கெடலாம்.

நாளைக்கே செய்ய வேண்டியது: அந்த நிர்வாகியிடம் 'வேண்டாம்' என்று சொல்லும்போது உங்கள் கேப்டனும் பயிற்சியாளரும் கூட இருக்கட்டும். பிறகு போட்டி அமைப்பாளரிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்து, தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி ஆட்டத்தில் நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் யாராவது ஒருவர் ஏதாவது சொல்லத்தான் போகிறார், அப்போது அந்த நகல் கையில் இருக்க வேண்டும்.