டிரஸ்ஸிங் ரூமும் தன்பாலீர்ப்பு வீரர்களும்: கேள்வி பதில்

தொழில்முறை அணி விளையாட்டில் தன்பாலீர்ப்பு வீரர்கள் (தம் பாலினத்தவர் மீதே ஈர்ப்புக் கொண்டவர்கள்) அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆடுவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: சார், முதன்முதலில் அறிவித்த ஆண் வீரர் யார்? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பெயர் போட்டிருக்கிறார்கள்.

எந்த ஆட்டம், எந்த லீக், ஆடும் காலத்திலா ஓய்வுக்குப் பிறகா என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) வீரர் டேவ் கோபே 1975இல் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு. இங்கிலாந்தின் கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு 1990 அக்டோபரில், ஆடும் வயதிலேயே சொன்னார். 2013 பிப்ரவரியில் அமெரிக்காவைச் சேர்ந்த கால்பந்து (சாக்கர்) வீரர் ராபி ராஜர்ஸ் அறிவித்த கையோடு ஓய்வையும் அறிவித்தார். மே மாதம் மனம் மாறி எல்.ஏ. கேலக்ஸி அணிக்கு ஆட வந்தார். நடுவில் அதே ஆண்டு ஏப்ரலில் கூடைப்பந்து வீரர் ஜேசன் காலின்ஸ் அறிவித்தார். அமெரிக்காவின் நான்கு பெரிய லீக்குகளில் ஆடும் காலத்தில் அறிவித்த முதல் ஆள் அவர்தான். ஆனால் அப்போது அவர் கையில் ஒப்பந்தம் இல்லை. 2014 பிப்ரவரி 23 அன்றுதான் புரூக்ளின் நெட்ஸுக்காகக் களமிறங்கி 11 நிமிடம் ஆடினார். 1998இல் கொல்லப்பட்ட மாத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவரின் நினைவாக 98ஆம் எண்ணைக் கேட்டிருந்தார். அந்தச் சட்டை தயாராகாததால் முதல் ஆட்டத்தில் போட்டிருந்தது 46.

கேள்வி: பெண்கள் அணிகளில் இது சாதாரணமாகிவிட்டது. ஆண்கள் அணிகளில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

பெண்கள் கிரிக்கெட்டைப் பாருங்கள். நாட் சிவரும் கேத்ரின் பிரன்ட்டும் இங்கிலாந்துக்காக 2017 உலகக் கோப்பையைச் சேர்ந்து வென்றார்கள், 2022இல் மணந்துகொண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் டேன் வான் நீகெர்க்கும் மரிஸான் காப்பும் 2018இல் மணந்தார்கள். வான் நீகெர்க் அப்போது கேப்டன். ஒரே அணியில் தம்பதி இருப்பதால் அந்த அணிகள் கலைந்துபோகவில்லை.

பையன்களுக்குப் பத்து வயதிலிருந்தே ஆட்டம் ‘ஆம்பளைத்தனத்துக்கான’ பரீட்சையாகச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. பந்தைத் தவறவிட்டால் வரும் முதல் வசவு எதுவென்று மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் ஆளைத் தேர்வு செய்வது கடிகாரம். ஒடிசாவின் தூத்தி சந்த் 2019இல் தன் காதலியைப் பற்றிச் சொன்னபோது ஊரும் குடும்பமும் எதிர்த்தாலும், 100 மீட்டரில் அவர் எடுத்த நேரத்தை யாராலும் மாற்ற முடியாது. அணி விளையாட்டில் பதினோரு பேரில் நீ ஒருவனா என்பதைப் பயிற்சியாளரின் அபிப்பிராயம் தீர்மானிக்கிறது. ஃபஷானுவின் கதையில் அதைத்தான் பார்க்கிறோம். 1981இல் பத்து லட்சம் பவுண்டுக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரை வாங்கியது. பிரிட்டனில் அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின வீரர். மேலாளர் பிரையன் கிளஃபுக்கு அவரது சொந்த வாழ்க்கை தெரிய வந்ததும் பயிற்சிக்கே வரவிடாமல் தடுத்தார். 1998இல் ஃபஷானு தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கிலாந்தின் தொழில்முறை ஆண்கள் கால்பந்தில் ஆடிக்கொண்டே அறிவிக்கும் அடுத்த வீரர் வர, அவரது 1990 அறிவிப்பிலிருந்து 32 வருடம் ஆனது.

கேள்வி: அண்ணா, நான் கால்பந்து அகாடமியில் பயிற்சியாளர். 17 வயதுப் பையன் ஒருவன் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் யாரிடமும் சொல்லாதீர்கள். உதவிப் பயிற்சியாளரிடமும், பெற்றோரிடமும் கூடாது. பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். நல்லெண்ணத்தில் ஒருவர் காதில் போடுவோம். இரண்டே நாளில் விடுதி முழுக்கப் பரவியிருக்கும். பிறகு அந்தப் பையன் வாழ்நாளில் யாரையும் நம்ப மாட்டான்.

அவனிடம் மூன்றே விஷயம் கேளுங்கள். வேறு யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியக்கூடாது? நான் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறாய்? மூன்றாவதற்கு “ஒன்றும் வேண்டாம்” என்று பதில் வந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். அறை மாற்றுவதும் வேண்டாம். மூன்று பேரோடு தங்கியிருந்தவனுக்குத் திடீரெனத் தனி அறை கொடுத்தால் அதுவே ஊருக்குச் சொன்ன மாதிரி. வீட்டுக்குத் தெரிந்து “டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம்” என்று கிளம்பினால், அப்படிச் ‘சரிசெய்யும்’ மருத்துவத்துக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதை எடுத்துச் சொல்லுங்கள்.

வெளியில் சொல்ல வேண்டும் என்று அவனே விரும்பினால் வரிசை முக்கியம்: குடும்பம், கேப்டன், அணி, கடைசியில் ஊடகம். இங்கிலாந்தின் பிளாக்பூல் கால்பந்து அணியின் ஜேக் டேனியல்ஸ் 2022 மே 16 அன்று, அதே 17 வயதில் அறிவித்தார். அம்மாவுக்கும் சகோதரிக்கும் முதலில், பிறகு அணிக்கு, அதன் பின்தான் உலகத்துக்கு. லீக் பருவம் முடிந்த பிறகு அறிவித்ததால், எதிரணி ரசிகர்கள் முன்னால் நிற்பதற்குள் அவருக்குப் பல வாரம் கிடைத்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் கார்ல் நாசிப்பும் 2021 ஜூனில், அந்த ஆட்டம் நடக்காத மாதத்தில்தான் அறிவித்தார்.

அணிக்குச் சொல்வது ஐந்து நிமிட வேலையாக இருக்கட்டும். பயிற்சிக்கு முன்னால், அவன் வாயாலேயே, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. முந்தின நாளே கேப்டனுக்குத் தெரிந்திருந்தால் முதலில் எழுந்து கைகொடுக்க ஒரு ஆள் இருப்பான். அந்த முதல் சில விநாடி அமைதிதான் பையனை உடைக்கும். ஊடகத்துக்கு எழுதி வைத்த ஒரு அறிக்கை, ஒரு பேட்டி, அதோடு சரி. இன்ஸ்டாகிராமில் கெட்ட வார்த்தைகளை மறைக்கும் வசதியை முந்தின இரவே போட்டுவிட்டு, முதல் ஒரு வாரம் அவன் கணக்கை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: களத்தில் எதிரணி ஆட்டக்காரர் இந்த மாதிரி வசைச்சொல் சொன்னால் நடுவரிடம் எப்படிப் புகார் செய்வது?

முதலில் எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு ஒரு கதை. 2020 செப்டம்பர் 30, அமெரிக்காவின் இரண்டாம் நிலைக் கால்பந்து (சாக்கர்) லீக். சான் டியாகோ லாயல் 3-1 என்று முன்னிலை. எதிரணியான ஃபீனிக்ஸ் ரைசிங்கின் ஒரு ஆட்டக்காரர், தன்பாலீர்ப்பாளர் என்று முன்பே அறிவித்திருந்த காலின் மார்ட்டினை ஜமைக்கா வழக்கில் ஒரு வசைச்சொல்லால் ஏசினார். மார்ட்டின் நடுவரிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னார். தன்னைத்தான் திட்டுகிறார் என்று நடுவர் நினைத்துக்கொண்டு மார்ட்டினுக்கே சிவப்பு அட்டை காட்டினார்! பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. லாயல் பயிற்சியாளர் லாண்டன் டோனவன், ஏசிய அந்த ஆட்டக்காரரை வெளியே எடுக்கச் சொல்லிக் கேட்டார், எதிரணி மறுத்தது. இரண்டாம் பாதி தொடங்கியதும் லாயல் அணி மண்டியிட்டு, எழுந்து, களத்தை விட்டே போய்விட்டது. ஆட்டமும் போயிற்று, பிளே-ஆஃப் வாய்ப்பும் போயிற்று. ஏசியவருக்கு அந்த லீக் ஆறு ஆட்டத் தடை விதித்தது.

ஆகவே வெறும் சொல்லோடு நடுவரிடம் ஓடாதீர்கள். பந்து நின்றதும் கேப்டன் வழியாகப் போய், “இத்தனாம் நிமிடம், எதிரணி இத்தனாம் எண், என்னைப் பார்த்து இப்படிச் சொன்னார்” என்று இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். சொல் கடைசியில்தான் வர வேண்டும். நான்காம் நடுவர் இருந்தால் அவரையும் கூப்பிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். கேட்ட சக ஆட்டக்காரரின் எண்ணையும் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் நடுவர் அறிக்கையில் அது ஏறியதா என்று மேலாளர் உறுதி செய்ய வேண்டும். குற்றம் உறுதியானால் ஃபிஃபா ஒழுங்கு விதிப்படி குறைந்தது பத்து ஆட்டத் தடை.

கூட்டம் கத்தினால் வழி வேறு. ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு, தொடர்ந்தால் அணிகளை உள்ளே அனுப்பி இடைநிறுத்தம், அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டமே ரத்து. 2023 ஜூனில் லாஸ் வேகாஸில் அமெரிக்கா-மெக்சிகோ அரையிறுதியை நடுவர் இதே காரணத்துக்காக முன்கூட்டியே முடித்தார்.

கேள்வி: வானவில் சட்டை, வானவில் டேப் எல்லாம் பயன் தருமா?

கேட்காமல் திணித்தால் தராது. 2022 ஜூலையில் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் மேன்லி அணி வானவில் கோடு போட்ட சட்டையை வெளியிட்டது. வீரர்களோடு பேசவே இல்லை. ஏழு பேர் ஆட மறுத்தார்கள். அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக் 2023இல் மட்டையில் சுற்றும் வானவில் டேப்பைத் தடை செய்து, ஒருவர் மீறி ஒட்டியதும் சில நாளில் தடையை நீக்கியது. சட்டையை விட மேலானது, ஆண்டு முழுக்கப் புகாரை வாங்கிப் பதில் சொல்லும் ஒரு ஆள்.

கேள்வி: எங்கள் பசங்க வெறுப்பில் சொல்வதில்லை, விளையாட்டாகத்தான் அந்த வார்த்தைகளைச் சொல்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

நீங்கள் சொல்வது உண்மைதான், பெரும்பாலும் பழக்கம். ஆனால் மௌனமாக இருக்கும் பையனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மெல்போர்னில் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழில்முறை ரக்பி வீரர்களை வரவழைத்து இளைஞர் அணிகளில் பேச வைத்துப் பார்த்தார்கள், வசவு குறையவில்லை. ஒரு நாள் சொற்பொழிவு வேலைக்கு ஆகாது. கேப்டனும் மூத்த ஆட்டக்காரர் இரண்டு பேரும், சொன்ன அந்த நொடியிலேயே “இங்கே அந்த வார்த்தை வேண்டாம்டா” என்று சொல்ல வேண்டும். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டால் கோபம் யார் மேல் திரும்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் சாமைத் தன்பாலீர்ப்பாளர் என்பதால்தான் ஒதுக்கினார்களா?

அதுவும் உண்டு என்பதே என் கருத்து. 2013இல் அவர் தன் கல்லூரிப் பிரிவின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பகிர்ந்தவர். தொழில்முறை அணிகள் புது வீரர்களை எடுக்கும் 2014 தேர்வில் 249ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். சோதனை ஓட்டத்தில் 40 கெஜத்துக்கு 4.91 விநாடி என்பது அவர் இடத்துக்கு மெதுவான நேரம், அதை மறைக்க வேண்டியதில்லை. இதில் பலருக்குத் தெரியாதது அவரது கல்லூரி அணியான மிசௌரி நடந்துகொண்ட விதம். 2013 ஆகஸ்டிலேயே சக வீரர்களிடம் சொல்லிவிட்டார். அந்தப் பருவம் முழுக்க அவர்கள் ரகசியத்தைக் காத்தார்கள். 12 ஆட்டம் ஜெயித்து 2 ஆட்டம் மட்டுமே தோற்றார்கள்.

கேள்வி: பத்திரிகையில் வேலை பார்க்கிறேன். தமிழில் எப்படி எழுதுவது?

‘தன்பாலீர்ப்பாளர்’ என்று எழுதுங்கள். தமிழக அரசு 2022இல் சொற்களஞ்சியமே வெளியிட்டிருக்கிறது. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற பழைய சொல் மனிதரை ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும்: ‘ஒப்புக்கொண்டார்’ என்று போடாதீர்கள், அது குற்றவாளிக்கு எழுதும் சொல். ‘அறிவித்தார்’, ‘சொன்னார்’ போதும். அடுத்த வாரம் அவர் கோல் அடித்தால், தலைப்பில் கோலை மட்டும் போடுங்கள்.