கிளாடிஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இப்போது ஏன் அரிதாகிவிட்டது?

இது வேல்ஸ் நாட்டுப் பெயர். பழைய வடிவம் குவ்லாடிஸ் (Gwladys). லத்தீன் ‘கிளாடியா’வின் திரிபு என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அதற்கு வலுவான சான்று கிடையாது. ‘நாடு’ என்று பொருள்படும் ‘குவ்லாட்’ என்ற வேல்ஷ் சொல்லே ஒலிப்படி பொருந்துகிறது. வேல்ஸ் துறவியான புனித கடோக்கின் தாய்க்கும், வேல்ஸை ஆண்ட லிவெலின் மன்னரின் மகளுக்கும் (இவர் இறந்தது 1251இல்) இதே பெயர்தான்.

பிற்பாடு விக்டோரியா கால ஆங்கில நாவல்கள் வழியே பரவி, 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் முதல் 20 பெண் பெயர்களுக்குள் இருந்தது. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் தாய் கிளாடிஸ் 1912இல் பிறந்தவர். ஒரே தலைமுறையில் குவிந்ததால், அடுத்தடுத்து வந்தவர்களுக்கு அது பாட்டி பெயராகிவிட்டது.

வேல்ஸ் மூதாதையரைப் பழைய பதிவேடுகளில் தேடுவோர், ‘ஜி’க்குப் பின் ‘டபிள்யூ’ சேர்த்தும் விட்டும், கடைசி உயிரெழுத்தை ‘ஒய்’, ‘யு’ என மாற்றியும் தேடுங்கள். ஒரு வடிவத்தை விட்டாலும் ஆள் தவறிப்போகலாம்.