ஒரு துணிப்பைக்கு எத்தனை கிலோ கார்பன்? நாமளே கணக்கு போடலாமா?

கேள்வி: சின்ன அளவுல காட்டன் பை தைச்சு விக்கிறோம். புதுசா வந்த பையர் ஒரு பைக்கு கார்பன் ஃபுட்பிரிண்ட் (அதனால வெளியாகுற, பூமியை சூடாக்குற வாயுக்களோட மொத்த அளவு) எவ்வளவுன்னு கேக்குறார். கன்சல்டன்ட் வைக்க வசதி இல்ல, நாங்களே கணக்கு போட முடியுமா?

பதில்: முதல் சுத்து கணக்கை தாராளமா நீங்களே போடலாம். ஆனா கால்குலேட்டரை எடுக்கிறதுக்கு முன்னாடி பையர்கிட்ட ஒண்ணு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, பஞ்சு விளையறதுல ஆரம்பிச்சு உங்க கேட்டை தாண்டுற வரைக்கும் போதுமா, இல்ல வாங்கினவங்க துவைச்சு யூஸ் பண்ணி கடைசியில குப்பையில போடுற வரைக்கும் வேணுமான்னு. ரெண்டுக்கும் நம்பர் வேற வேற வரும். எந்த ஸ்டாண்டர்டுன்னும் கேளுங்க, பெரும்பாலும் ஐஎஸ்ஓ 14067ன்னு தான் சொல்வாங்க, ஒரு பொருளோட கார்பன் கணக்கை எப்படி போடணும்னு சொல்ற சர்வதேச விதிமுறை அது.

அப்புறம் ஒரு வருஷத்து பில் எல்லாத்தையும் எடுத்து வைங்க. துணி எத்தனை கிலோ, நூல், மை, பேக்கிங், கரண்ட் எத்தனை யூனிட், ஜெனரேட்டர் டீசல், லாரி எத்தனை கிலோமீட்டர். ஒவ்வொண்ணையும் அதோட எமிஷன் ஃபேக்டரால (ஒரு கிலோவுக்கோ ஒரு யூனிட்டுக்கோ எவ்வளவு கார்பன்னு சொல்ற எண்) பெருக்கி கூட்டி, அந்த வருஷம் தைச்சு முடிச்ச பைகளோட எண்ணிக்கையால வகுத்தா வேலை முடிஞ்சுது. ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, இது எங்கயும் ஏறக்குறைய இதே தான். கரண்ட் அப்படி இல்ல, நிலக்கரியில வர்ற யூனிட்டும் அணையில வர்ற யூனிட்டும் ஒண்ணாகாது, அதனால உங்க நாட்டு அரசு வெளியிட்ட கடைசி வருஷ ஃபேக்டரை தான் எடுக்கணும்.

இங்க நிறைய பேர் தப்பு பண்ற இடம் வெட்டுத்துணி. பையை தராசுல வெச்சு அந்த எடைக்கு மட்டும் கணக்கு போட்டுடுறாங்க. 100 கிலோ துணி வாங்கி 88 கிலோ பையா போச்சுன்னா மீதி 12 கிலோ துணிக்கும் பஞ்சு விளைஞ்சுது, நூல் நூத்தாங்க, சாயம் போட்டாங்க, அதுவும் உங்க பை தலையில தான் வரும்.

கணக்கு முடிஞ்சதும் பாருங்க, தையல் மிஷின் கரண்ட் ரொம்ப சின்னதா இருக்கும், சுமை எல்லாம் துணிக்குள்ள இருக்கும். பருத்தி வயல்ல போடுற நைட்ரஜன் உரத்துல இருந்து நைட்ரஸ் ஆக்சைடுன்னு பூமியை சூடாக்குற ஒரு வாயு கிளம்புது, அது ஒரு கிலோ 100 வருஷ கணக்குல 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம். அதுக்கு மேல நூற்பு, நெசவு, சாயப்பட்டறை பாய்லர். அதனால எல்இடி பல்பு மாத்துறதுக்கு முன்னாடி துணி தர்ற மில்லுக்கு போன் போட்டு ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு கரண்ட், எவ்வளவு எரிபொருள்னு கேளுங்க. அது கிடைக்கிற வரைக்கும் எமிஷன் ஃபேக்டர் டேட்டாபேஸ்ல இருக்கிற பொதுவான சராசரி ஓகே, ஆனா எது உங்க சொந்த டேட்டா எது சராசரின்னு ஷீட்ல தனித்தனியா குறிச்சு வைங்க.

இன்னொண்ணு, பிளாஸ்டிக் பையை விட நல்லதுன்னு லேபிள்ல அவசரப்பட்டு போட்டுடாதீங்க. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018ல வெளியிட்ட ஆய்வுல ஒரு பைக்கு எவ்வளவுன்னு பாக்கல, 22 லிட்டர், 12 கிலோ சாமானை ஒரு தடவை கடையில இருந்து வீட்டுக்கு கொண்டு போக எவ்வளவுன்னு பாத்தாங்க. இந்த அளவுகோலுக்கு பேர் தான் ஃபங்ஷனல் யூனிட். சாதா காட்டன் பை கார்பன் விஷயத்துல மட்டும் பிளாஸ்டிக் பைக்கு சமமாகணும்னா குறைஞ்சது 52 தடவை யூஸ் பண்ணணும்னு வந்துச்சு, ஓசோன் பாதிப்பு, தண்ணி மாதிரி மத்த எல்லா அளவுலயும் சமமாகணும்னா 7,100 தடவை! ஒரே பை தான், எதை அளக்குறோம்ங்கிறதுல எவ்வளவு வித்தியாசம் பாருங்க. அதனால உங்க பை எத்தனை தடவை தாங்குதுங்கிறதையும் நிஜமாவே டெஸ்ட் பண்ணி வைங்க, தையல் பிரிஞ்சா கணக்கும் பிரிஞ்சுடும்.

பையருக்கு நம்பரோட அந்த ஷீட்டையும் சேர்த்தே அனுப்புங்க. மத்த பொருளோட ஒப்பிட்டு வெளியில விளம்பரம் பண்ணணும்னா மட்டும் ஐஎஸ்ஓ 14044படி (ஒரு பொருளோட முழு ஆயுள் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயுறதுக்கான விதிமுறை) வெளி நிபுணர் குழு பரிசீலனை வேணும், அதுக்கு கன்சல்டன்ட் இல்லாம முடியாது.